பெக்பி துரையின் நியாயஸ்தலம்

 

இன்று மாலை ஒரு வெள்ளைக்கார ஜட்ஜின் கதையைச் சொல்ல வந்திருக்கிறேன். நம் சென்னை ஹைக்கோர்ட்டிலே முத்துசாமி ஐயர் இல்லையா, மாயூரத்திலே முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை இல்லையா, அவர்களையெல்லாம் விட்டுவிட்டு எங்கோ பனி கொட்டும் தேசத்துத் துரை ஒருவரின் சரித்திரம் நமக்கு எதற்கு என்று உங்களிற் சிலர் நினைக்கக்கூடும். அந்த நினைப்பு நியாயமே. அதற்கு விடையாக ஒரு தேதியை மட்டும் சொல்லித் தொடங்குகிறேன்: 1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2-ஆம் நாள். அன்றுதான் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையிலிருந்து இந்த இந்தியாவை வாங்கி விக்டோரியா மகாராணியின் கையில் ஒப்படைத்த சட்டம் லண்டனிலே ராஜாங்க சம்மதம் பெற்றது. அதே நாளில், அதே பார்லிமெண்டின் மற்றொரு சட்டமும் சம்மதம் பெற்றது. அது வட அமெரிக்காவின் பசிபிக் கரையிலே, மலையும் காடும் ஆறும் செறிந்த ஒரு மகத்தான பூபாகத்தைப் பிரிட்டிஷ் கொலம்பியா என்ற பெயரால் புதிய குடியேற்றமாக்கிய சட்டம். ஒரே நாளில் ஒரே சாம்ராஜ்யத்துக்கு எழுதிக்கொடுக்கப்பட்ட இரண்டு தேசங்கள் அவை. அவற்றில் ஒன்று நம்முடையது. மற்றதற்கு அனுப்பப்பட்ட முதல் நீதிபதியின் பெயர்தான் மாத்யூ பெய்லி பெக்பி.

இன்னும் ஓர் உறவு உண்டு. பெக்பியை அந்தப் பதவிக்கு நியமித்த குடியேற்ற மந்திரி, நாவலாசிரியராகப் புகழ்பெற்ற எட்வர்டு புல்வர் லிட்டன். அவருடைய குமாரர்தான் பின்னாளில் இங்கே வைசிராயாக வந்த லிட்டன் பிரபு. தாது வருஷப் பஞ்சத்திலே நம் பாட்டன்மார் எலும்பும் தோலுமாய்ச் சாலையோரத்தில் விழுந்து மடிந்தபோது டில்லியிலே தர்பார் நடத்தினாரே, அவரேதான். தந்தையின் பெயரால் அந்தத் தேசத்திலே ஓர் ஊர் இருக்கிறது. மகனுடைய பெயரை நாம் எதற்காக நினைவில் வைத்திருக்கிறோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, அந்தக் காட்டுக்கு ஒரு நீதிபதி எதற்கு? பொன்னுக்காக, ஐயா, பொன்னுக்காக! 1858-ஆம் ஆண்டின் வசந்த காலத்திலே ஃபிரேசர் ஆற்றின் மணல் திட்டுகளிலே தங்கத்துகள் கிடைக்கிறது என்ற செய்தி சான் பிரான்சிஸ்கோவை எட்டியது. கலிபோர்னியாவிலே பத்து வருஷமாகத் தோண்டித் தோண்டிக் களைத்தவர்கள், கடனாளிகள், சூதாடிகள், நல்லவர்கள், பொல்லாதவர்கள் என்று சுமார் 30,000 பேர் ஒரே கோடையில் வடக்கே திரண்டார்கள். சில நூறு வெள்ளையர் மட்டுமே வாழ்ந்திருந்த கரை அது. கவர்னராகவிருந்த ஜேம்ஸ் டக்ளஸோ வியாபாரக் கம்பெனியிலே ஆள் ஆண்டு பழகிய முதியவர். கலிபோர்னியாவிலே சர்க்காரை நம்பாமல் ஜனங்களே கூடிக் குற்றவாளியை மரத்தில் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அந்த வழக்கம் எல்லை தாண்டி வந்துவிட்டால், பின்னாலேயே அமெரிக்கக் கொடியும் வந்துவிடும் என்று லண்டன் அஞ்சியது. ஆகவே கொடியைக் காக்க ஒரு கோர்ட்டு தேவைப்பட்டது. இதை நீங்கள் மறக்கலாகாது. அந்த மண்ணுக்கு நியாயஸ்தலம் முதலில் வந்தது நியாயத்துக்காக அன்று.

அப்பொழுது பெக்பிக்கு வயது 39. கேம்பிரிட்ஜில் படித்தவர். லிங்கன்ஸ் இன்னிலே பதினான்கு வருஷம் வக்கீல் அங்கி அணிந்தும் பெரிய பெயர் எடுக்காதவர். சுருக்கெழுத்து அறிந்தவர், சித்திரம் வரைபவர், பாடுபவர், மணமாகாதவர். ஆறடிக்கு மேல் ஓங்கி வளர்ந்த ஆகிருதி, கூர்தாடி, நடையிலே சலிப்பறியாத கால்கள். வருஷம் 800 பவுன் சம்பளத்துக்கு, கண்காணாத தேசத்துக்கு வர ஒப்புக்கொண்ட அந்த மனிதரிடத்திலே மூளையைப்போலவே கால்களும் பலமாயிருந்தன என்பது சாம்ராஜ்யத்தின் அதிர்ஷ்டம். அந்த வேலைக்கு முதல் தகுதி கால்தான்!

1858 நவம்பர் 19-ஆம் நாள் லாங்லி கோட்டையிலே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்த மழையிலே டக்ளஸ், பெக்பியின் கையில் நியமனப் பத்திரத்தைக் கொடுத்து அவரை நீதிபதியாக்கினார். நீதிபதியான பெக்பி, அடுத்த நிமிஷமே டக்ளஸுக்குப் பிரமாணம் செய்வித்து அவரைக் கவர்னராக்கினார். கவர்னர் நீதிபதியை ஆக்க, நீதிபதி கவர்னரை ஆக்க, கோழி முந்தியா முட்டை முந்தியா என்று நம் ஊர்த் திண்ணையிலே கேட்பார்களே, அந்தக் கேள்வி அன்று சட்டபூர்வமாகத் தீர்த்துவைக்கப்பட்டது. ஆனால் கோழியும் முட்டையும் இருந்த கூடை யாருடையது? அந்தக் கோட்டை நின்ற மண், அந்த ஆற்றங்கரை, அந்த மலைகள், ஆயிரமாயிரம் ஆண்டுகளாக யார் யாருடைய வீடாக இருந்தன? அந்தக் கேள்வியை அன்றைய மழையில் நனைந்துகொண்டு நின்றவர்களிலே ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம், பனி உருகுமுன்னரே, பெக்பி தம்முடைய முதல் சுற்றுப் பயணத்தைத் தொடங்கினார். கூட வந்தவர்கள் ஒரு குமாஸ்தா, ஒரு ஷெரீப், சுமை தூக்கிய பழங்குடி மக்கள், அவ்வளவுதான். யேல் என்ற ஊரிலிருந்து, கீழே பாதாளத்தில் ஃபிரேசர் ஆறு உறுமிக்கொண்டு ஓட, மேலே பாறை விளிம்பிலே ஒற்றையடிப் பாதையில் லிட்டன், லில்லுவெட் என்று கால்நடையாகவே போனார். போன இடத்தில் கூடாரம் அடித்தால் அதுவே கோர்ட்டு. பிராது கேட்டார், தீர்ப்பு எழுதினார், மறுநாள் கூடாரத்தைச் சுருட்டினார். நம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு ஓர் ஆலமரமாவது நிலையாக இருந்தது. இவருக்கு அந்த மரமும் நடந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்! கூடாரத்திலேயானாலும் அங்கியும் பொய்ம்முடியும் இல்லாமல் அவர் அமரமாட்டார். போகிற வழியில் தேசப்படம் வரைந்தார். மண்வளம் இன்னது, புல்வெளி இன்னது என்று கவர்னருக்கு எழுதினார். தங்க வயல்களுக்கான சட்டத்தைத் தயாரிப்பதிலும் கை கொடுத்தார். சட்டம் எழுத ஒரு கை, நடத்த ஒரு கை, விளக்க ஒரு கை என்று மூன்று கைகள் ஒரே மனிதருக்கு முளைத்திருந்த காலம் அது. அது நல்லதா என்று இங்குள்ள வக்கீல் நண்பர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் அவரை மெச்சியே தீர வேண்டும். சாட்சி சொல்ல வந்த பழங்குடியினரின் பாஷை புரிய வேண்டும் என்பதற்காக அந்தப் பாஷைகளைப் பயின்றார். மொழிபெயர்ப்பவனுடைய நாக்கிலே ஒருவனுடைய கழுத்து தொங்கக்கூடாது என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

ஜூரிகளோடு அவருக்கு இருந்த சண்டையோ பிரசித்தம். மணல் மூட்டையால் ஒருவனை அடித்து வீழ்த்திய கயவனை ஜூரிகள் குற்றமற்றவன் என்று விடுவித்துவிட, சினந்த நீதிபதி அவனைப் பார்த்து, நீ போகலாம், அடுத்த முறை யாரையாவது அடிப்பதென்றால் இந்த ஜூரிகளில் ஒருவரைப் பார்த்து அடி என்ற பொருள்படச் சொன்னாராம். நடந்ததோ, பின்னால் கட்டியதோ, கதை மட்டும் அவரைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது.

கதைகளிலே மிகப் பெரியது அவருக்குச் சூட்டப்பட்ட பட்டம்: தூக்குமர நீதிபதி. இது பாதி உண்மை, பாதி அநியாயம். அக்காலச் சட்டப்படி கொலை நிரூபணமானால் மரண தண்டனை ஒன்றே தண்டனை. அதை மாற்ற நீதிபதிக்கு அதிகாரம் இல்லை, கவர்னருக்கு மட்டுமே உண்டு. அந்தக் கவர்னருக்குப் பல வழக்குகளில் கருணை காட்டும்படி பெக்பியே எழுதியிருக்கிறார். அப்படியானால் பட்டம் வீண்பழிதானே என்றால், ஒரு கணம் பொறுங்கள். அவர் காலத்தில் தூக்குமரம் ஏறியவர்கள் யார் என்று பாருங்கள். மிகப் பெரும்பாலோர் அம்மண்ணின் பூர்விக குடிகள். தராசு ஒன்றுதான், பிடித்த கையும் ஒன்றுதான். ஆனாலும் ஒரு தட்டு மட்டும் ஏன் அடிக்கடி தாழ்ந்தது?

அந்தத் தராசு நேராக நின்ற இடங்களையும் காட்டுகிறேன், பாருங்கள். 1860-களின் தொடக்கத்தில் பொன்வேட்டை காரிபூ மலைநாட்டுக்கு நகர்ந்தது. பார்கர்வில் என்ற ஊர் காளான்போல முளைத்தது. அங்கே வெல்லிங்டன் டெலேனி மோசஸ் என்று ஒரு நாவிதர், கறுப்பினத்தவர். 1866-ஆம் ஆண்டு பிளெசிங் என்ற நல்ல மனிதன் பாரி என்பவனோடு வழித்துணையாகப் புறப்பட்டு வந்தான். பாரி மட்டும் ஊர் வந்து சேர்ந்தான். பிளெசிங்கிடம் தங்கக்கட்டியால் ஆன சட்டை ஊசி ஒன்று இருந்தது. இயற்கையாகவே மனித முகம்போல் அமைந்த கட்டி அது. அந்த ஊசியைப் பாரி ஒரு நடனப் பெண்ணுக்குக் கொடுத்திருக்க, அது நாவிதரின் கண்ணிலே பட்டது. காட்டிலே பிளெசிங்கின் சடலம் பின்தலையில் குண்டு பாய்ந்த நிலையில் கிடைத்தது. பாரி பிடிபட்டு, ரிச்ஃபீல்டிலே பெக்பியின் முன் விசாரிக்கப்பட்டு, 1867-இல் தூக்கிலிடப்பட்டான். துப்பறியும் கதை என்று நீங்கள் ரசிக்கிறீர்கள், தெரிகிறது. நான் ரசிப்பது வேறு. கலிபோர்னியாவிலே 1863 வரையில் வெள்ளையனுக்கு எதிராகக் கறுப்பன் சாட்சி சொல்லச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. சீனன் சொல்லக்கூடாது என்று 1854-இலே அங்குள்ள உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பெக்பியின் கூடாரத்திலோ கறுப்பரும் சீனரும் பழங்குடியினரும் வந்து நின்று, கண்டதைச் சொன்னார்கள். சொன்னது காதில் வாங்கப்பட்டது.

சீனர் விஷயத்தில் அவர் இன்னும் ஒருபடி மேலே போனார். பொன் தேடி வந்தவர்களும் ரயில்பாதை போட வந்தவர்களுமான சீனர்களை விரட்டிவிட வேண்டும் என்று 1880-களில் அந்த மாகாணமே கூச்சலிட்டது. பத்திரிகை கூச்சலிட்டது, சட்டசபை கூச்சலிட்டது, தொழிலாளர் கூட்டம் கூச்சலிட்டது. அப்போது அவர் பிரதம நீதிபதி, சர் பட்டம் பெற்றவர். விக்டோரியா நகரசபை சலவைக்கடைக்காரர்மீது கட்டணச் சுமையை ஏற்றியது. சலவைக்கடை வைத்திருந்தவர்கள் சீனர்கள் என்பது ஊரறிந்த ரகசியம். 1886-இல் அது செல்லாது என்றார் பெக்பி. அடகுக்கடை வைக்கச் சீனர் ஒருவருக்கு லைசென்ஸ் தர முடியாது என்றது நகரசபை. 1888-இல் அந்த மறுப்பும் செல்லாது என்றார். சீனரைப் பற்றி விசாரிக்க வந்த ராஜாங்கக் கமிஷனுக்கு அவர் எழுதிய பதிலிலே ஒரு கூர்மை இருக்கிறது. உழைப்பு, சிக்கனம், மிதமான வாழ்க்கை, சட்டத்துக்கு அடங்குதல் என்ற நான்கு குணங்களும் சீனரிடம் உண்டு என்பதை அவர்களுடைய நண்பர்களும் ஒப்புகிறார்கள், பகைவர்களும் ஒப்புகிறார்கள் என்று அதில் எடுத்துக்காட்டினார். கடல் கடந்து இலங்கைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர்க் காட்டுக்கும் போன நம்மவரின் பிள்ளைகள் யாராவது இந்த மண்டபத்தில் இருந்தால், அந்த நான்கு குணங்களுக்காகவே ஒருவன் எப்படி வெறுக்கப்படுவான் என்பதை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவரா தூக்குமர நீதிபதி என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கேளுங்கள். கேட்டுக்கொண்டே என்னோடு 1864-க்குத் திரும்பி வாருங்கள். என் பிரசங்கத்தின் இருதயம் அங்கேதான் இருக்கிறது.

ஆல்பிரட் வாடிங்டன் என்ற வியாபாரி, கடற்கரையிலுள்ள பியூட் நுழைகுடாவிலிருந்து பொன் வயல்களுக்குக் குறுக்கு வழியாக ஒரு சாலை போடத் தொடங்கினார். சாலை சென்ற வழி சில்கோடின் மக்களுடைய நாடு. அவர்களோடு யாரும் உடன்படிக்கை செய்யவில்லை, அனுமதி கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால்தான், 1862-இல், வைசூரி அந்தத் தேசம் முழுவதும் பரவிக் கிராமம் கிராமமாகப் பழங்குடி மக்களை வாரிக்கொண்டு போயிருந்தது. இந்நிலையில் சாலைக் கூடாரத்திலே கோதுமை மாவு திருட்டுப் போயிற்று. வெள்ளைக்கார மேஸ்திரி ஒருவன் அங்கிருந்த சில்கோடின்களின் பெயர்களையெல்லாம் ஒரு புத்தகத்தில் எழுதிக்கொண்டு, உங்கள் அனைவருக்கும் நோயை வரவழைப்பேன் என்று மிரட்டினானாம். எழுத்து என்பதையே மந்திரமாகக் கண்ட ஜனங்களிடம், பிணங்களின் நினைவு மாறாத ஜனங்களிடம், அவ்வாறு சொன்னான். பட்டினியும், பெண்களுக்கு இழைக்கப்பட்ட அவமானமும் முன்னமே மூண்டிருந்தன.

ஏப்ரல் மாதக் கடைசியில், விடியற்காலை, தலைவர் கிளாட்சாசினுடைய ஆட்கள் கூடாரங்களின்மீது பாய்ந்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் வேறு இடங்களிலும் தாக்கினார்கள். மாண்ட வெள்ளையர் சுமார் 20 பேர். கவர்னர் சீமோர் படை அனுப்பினார், தாமும் போனார். கோடை முழுவதும் அலைந்தும் அந்த மலைகளிலே கிளாட்சாசினைப் பிடிக்க முடியவில்லை. பிறகு காக்ஸ் என்ற அதிகாரி தூது அனுப்பினார். தூதோடு புகையிலையும் அனுப்பினார்.

புகையிலை! இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம் வீட்டிலே ஒருவருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிறோம். அதன் பொருள் என்ன? எழுத்து வேண்டாம், சாட்சி வேண்டாம், சத்தியம் வேண்டாம். அந்தத் தாம்பூலமே சத்தியம். தாம்பூலம் பெற்று வந்தவன் பகைவனேயானாலும் அவன் தலைமயிருக்குக்கூடத் தீங்கு செய்யக்கூடாது. அம்மக்களுக்குப் புகையிலை அப்படிப்பட்ட பொருள். அதை நம்பி, சமாதானம் பேசவென்று, ஆகஸ்டு 15-ஆம் நாள் கிளாட்சாசின் மேலும் ஏழு பேரோடு காக்ஸின் முகாமுக்கு வந்தார். வந்தவர்களைச் சூழ்ந்து ஆயுதங்களைப் பறித்து, கைதிகளாக்கினார்கள்.

செப்டம்பர் கடைசியிலே க்வெனல் ஆற்று முகத்தில் விசாரணை. நீதிபதி பெக்பி, ஜூரிகள் வெள்ளையர். நாங்கள் செய்தது போர், கொலையன்று என்று கிளாட்சாசின் சொன்னதாக அவருடைய மக்கள் இன்றளவும் சொல்லிவருகிறார்கள். ஒரு நாட்டின் தலைவன் தன் நாட்டுக்குள் புகுந்தவரோடு பொருதால் அது போர். மகாராணியின் பிரஜை மற்றொரு பிரஜையைக் கொன்றால் அது கொலை. அப்படியானால் கிளாட்சாசின் எப்போது, யார் சம்மதத்தால், மகாராணியின் பிரஜையானார்? லாங்லி கோட்டையின் மழையிலே கேட்கப்படாமல் போயிற்றே ஒரு கேள்வி, அதுவே ஆறு வருஷம் கழித்துக் கையில் விலங்கோடு வந்து பெக்பியின் முன்னால் நின்றது. அவர் அதற்கு விடை சொல்லவில்லை. சொல்லியிருக்கவும் முடியாது. விடை சொன்னால் அவர் அமர்ந்திருந்த நாற்காலியே மறைந்துபோகும்!

ஐந்து பேருக்கு மரண தண்டனை விதித்தார். விதித்துவிட்டு நிம்மதியாக உறங்கினாரா? இல்லை. புகையிலைச் செய்தி அவர் மனத்தை அறுத்துக்கொண்டே இருந்தது. என்ன சொல்லி அழைத்தார்கள், என்ன புரிந்துகொண்டு வந்தீர்கள் என்று இரு தரப்பாரையும் கேட்டார். கிளாட்சாசினைப் போன்ற ஆண்மையாளனைத் தாம் அம்மக்களிடையே கண்டதில்லை என்று வியந்தார். ஐந்து பேரை ஒருசேரத் தூக்கிலிடுவது, அதுவும் அவர்கள் சரணடைந்த விதத்தை நினைக்கையில், பயங்கரமாகவே தோன்றுகிறது என்று கவர்னருக்கு எழுதினார். ஆனால் அதே கடிதத்தில், சிந்திய வெள்ளையரின் இரத்தம் ஈடு கேட்கிறது என்றும் எழுதினார். முடிவைக் கவர்னரிடம் விட்டார். கவர்னர் கருணை காட்டவில்லை. 1864 அக்டோபர் 26-ஆம் நாள் காலை ஐவரும் தூக்கிலிடப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஆஹான் என்ற ஆறாமவரும் நியூ வெஸ்ட்மின்ஸ்டரில் தூக்கிலிடப்பட்டார்.

மதுரையிலே ஒரு பாண்டியன் இருந்தான். காற்சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்த கணத்திலே, தான் தவறியதைக் கண்ட கணத்திலே, அரியணையிலேயே உயிர்விட்டான். பெக்பியும் ஒரு பரலைக் கண்டார். கண்டதை மறைக்கவில்லை; நேர்மையாகக் காகிதத்தில் எழுதினார். எழுதி, மடித்து, முத்திரையிட்டு, மேலதிகாரிக்கு அனுப்பினார். அவரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. சலவைக்காரச் சீனருக்காக ஊரையே எதிர்த்து நின்றவர் அவர். ஆனால் அந்தச் சீனர் சட்டத்தின் வீட்டுக்குள்ளே நின்று நியாயம் கேட்டார். கதவைத் திறந்துவிட பெக்பியால் முடிந்தது. கிளாட்சாசின் கேட்டதோ, இந்த வீட்டை எவனுடைய மனையில் கட்டினாய் என்பது.

மிச்சக் கதையைச் சுருக்கிவிடுகிறேன். பிரிட்டிஷ் கொலம்பியாவும் அண்டையிலிருந்த மற்றொரு குடியேற்றமும் 1866-இலே ஒன்றானபோது பல வருஷம் ஒரே நாட்டில் இரண்டு உயர் நீதிமன்றங்கள் இருந்த வேடிக்கையும், 1870-இலே பெக்பி ஒருவரே பிரதம நீதிபதியானதும், மறு ஆண்டு அந்த நாடு கனடாவோடு இணைந்ததும், விக்டோரியா நகரிலே ரோஜாத் தோட்டமும் டென்னிஸ் விருந்தும் கோயிற் பாட்டுமாக அவர் முதுமை கழிந்ததும் தனியே ஒரு மாலைக்கான விஷயங்கள். 1894 ஜூன் 11-ஆம் நாள், பதவியிலிருந்தபடியே, காலமானார்.

சில்கோடின் மக்கள் மட்டும் தங்கள் வழக்கை முடித்துக்கொள்ளவில்லை. 339 நாட்கள் விசாரணை நடந்து, மேல்முறையீடுகள் ஏறி, 2014-ஆம் ஆண்டு ஜூன் மாதம் கனடாவின் உச்ச நீதிமன்றம், சுமார் 1,750 சதுர கிலோமீட்டர் நிலத்துக்கு அவர்களே உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. பெக்பியின் முன் நின்ற கேள்விக்கு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அதே மகுடத்தின் பெயரால் நடக்கும் கோர்ட்டிலே, ஒரு பகுதி விடை கிடைத்தது. 2018 மார்ச்சு 26-இலே கனடாவின் பிரதம மந்திரி பார்லிமெண்டிலே எழுந்து, அந்த ஆறு தலைவர்களும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். மறு ஆண்டு நியூ வெஸ்ட்மின்ஸ்டரிலே கோர்ட்டு வாசலில் நின்ற பெக்பியின் வெண்கலச் சிலையை அகற்றினார்கள். அகற்றியது சரியா என்று கூட்டம் முடிந்ததும் என்னைக் கேட்பீர்கள். இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு சில்கோடின் கிழவி பிராதோடு அந்தப் படியேறும்போது முதலில் யார் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அங்கே கேள்வி. பெக்பியின் தீர்ப்புகள் புத்தகத்தில் இருக்கின்றன. அவற்றை யாரும் அகற்றவில்லை.

அவருக்கே அதில் வருத்தம் இராது என்பது என் அபிப்பிராயம். தம் சமாதியின்மேல் ஒரு சாதாரண மரச்சிலுவை போதும் என்றும், பாவியாகிய தம்மீது ஆண்டவன் இரங்க வேண்டும் என்ற வேண்டுகோள் மட்டும் அதில் இருக்கட்டும் என்றும் உயிலிலே எழுதிவைத்தவர் அவர். முப்பத்தைந்து வருஷம் நியாயம் வழங்கியவர், தமக்கென்று கேட்டபோது நியாயம் கேட்கவில்லை; இரக்கம் கேட்டார்.

விக்டோரியாவிலே ராஸ் பே மயானத்தில் அவர் கிடக்கிறார். க்வெனலிலே, ஐவரும் தூக்கிலிடப்பட்ட ஊரிலே, அவர்களுக்கும் ஒரு நினைவிடம் உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் 26-ஆம் நாள் சில்கோடின் மக்கள், ஐவரோடு ஆஹானையும் சேர்த்து, ஆறு பேரையும் நினைந்து கூடுகிறார்கள்.